ஹார்மோன் மாத்திரையும் கண் வறட்சியும்: நிறுத்துவதா, தொடர்வதா?

கேள்வியைச் சுருக்கி எழுதிவிடுகிறேன். கேட்டவருக்கு வயது 50. இரண்டு வருடத்துக்கு முன் கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்திருக்கிறார்கள். அதற்கப்புறம் திடீர் திடீரென்று உடம்பு தகிப்பது, வியர்த்துக் கொட்டுவது, ராத்திரி தூக்கம் கெடுவது என்று எல்லாம் வந்ததால் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை தினமும் சாப்பிடுகிறார். தகிப்பு நன்றாக அடங்கிவிட்டது. ஆனால் சில மாதங்களாகக் கண்ணில் மண் விழுந்தது போல உறுத்தல், சாயங்காலமானால் எரிச்சல், டிவி பார்த்தால் கண்ணில் தண்ணீர். அக்கா, "அந்த மாத்திரையை விட்டுத் தொலை, கண்ணே போயிடும்" என்கிறாராம். தோழியோ, "ஹார்மோன்தான் கண்ணுக்குக் காவல், நிறுத்தினால் கண் பிரஷர் ஏறிடும்" என்கிறாராம். யார் சொல்வதைக் கேட்பது?

இரண்டு பேர் சொல்வதிலும் ஒரு துணுக்கு உண்மை இருக்கிறது. ஆனால் அந்தத் துணுக்கை வைத்து முடிவெடுக்கக் கூடாது. என் பதில் இதுதான்: கண் உறுத்துகிறது என்ற ஒரே காரணத்துக்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கண்ணுக்கு நல்லது என்று நம்பி அதைத் தொடரவும் செய்யாதீர்கள். ஹார்மோன் வேண்டுமா, எவ்வளவு காலம் வேண்டும் என்பதெல்லாம் உடல் தகிப்பு, தூக்கம், எலும்பு, மார்பகம், ரத்தம் உறைவது இவற்றைப் பார்த்து மகப்பேறு மருத்துவரோடு பேசி எடுக்க வேண்டிய முடிவு. அந்தக் கணக்கில் கண்ணின் பங்கு சிறியது. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. திடீரென்று பார்வை போவது போன்ற அவசரம். அதைப் பின்னால் சொல்கிறேன், அந்தப் பகுதியை மட்டும் அவசியம் படித்துவிடுங்கள்.

முதலில் கண் ஏன் வறள்கிறது என்று பார்ப்போம். பலரும் நினைப்பது இப்படி: மாதவிடாய் நின்றால் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது, அதனால் பிறப்புறுப்பு வறள்கிறது, தோல் வறள்கிறது, கண்ணும் வறள்கிறது. ஆகவே ஈஸ்ட்ரோஜனைத் திருப்பிக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும். பிறப்புறுப்பு வறட்சிக்கு இந்தக் கணக்கு சரிதான். அங்கே ஈஸ்ட்ரோஜன் கிரீம் நன்றாகவே வேலை செய்யும். கண்ணுக்கு இந்தக் கணக்கு பொருந்தவில்லை. படித்தவர்கள்கூட இடறும் இடம் இது.

கண்ணீர் வெறும் உப்புத் தண்ணீர் இல்லை. கண்ணின் மேல்பரப்பை ஒட்டிச் சளி போன்ற ஒரு பூச்சு, அதோடு கலந்து நீர், அதற்கு மேலே மிக மெல்லிய எண்ணெய்ப் படலம். ரசத்தின் மேல் நெய் மிதப்பது போல இந்த எண்ணெய் மேலே பரவி நின்று, நீர் ஆவியாகிப் போகாமல் தடுக்கிறது. எண்ணெயைச் சுரப்பவை இமைக்குள் வரிசையாக இருக்கும் மைபோமியன் சுரப்பிகள். 17ஆம் நூற்றாண்டில் இவற்றை விவரித்த ஜெர்மன் மருத்துவர் ஹைன்ரிஷ் மைபோமின் பெயர் அது. கண்ணாடி முன் நின்று கீழ் இமையை லேசாக இழுத்துப் பாருங்கள். இமை ரோமத்துக்குச் சற்று உள்ளே, விளிம்பில் புள்ளி புள்ளியாகத் தெரிபவை அந்தச் சுரப்பிகளின் வாய்கள். நடுவயதுக்கு மேல் வரும் கண் வறட்சியில் பெரும்பகுதி, நீர் சுரக்காததால் வருவதில்லை. இந்த எண்ணெய் கெட்டியாகி வாய் அடைத்துக்கொள்வதால் வருகிறது.

இந்த எண்ணெய்ச் சுரப்பிகளை நன்றாக ஓட வைக்கும் ஹார்மோன் ஆண்ட்ரோஜன். டெஸ்டோஸ்டிரோன் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆண்களுக்கு மட்டும் உரிய சரக்கு என்று நினைக்க வேண்டாம், பெண் உடம்பிலும் அது ஓடுகிறது. சினைப்பையிலிருந்து கொஞ்சம், அட்ரினல் சுரப்பியிலிருந்து கொஞ்சம். பாஸ்டனில் உள்ள ஷெப்பன்ஸ் கண் ஆராய்ச்சி நிறுவனத்தில் டேவிட் சல்லிவன் என்ற விஞ்ஞானியும் அவர் குழுவும் பல வருடம் உழைத்து இதை நிலைநாட்டினார்கள். பிறவியிலேயே ஆண்ட்ரோஜனுக்கு உடம்பு பதில் சொல்லாத நிலை சிலருக்கு உண்டு. அவர்களுடைய இமைச் சுரப்பிகள் கெட்டிருப்பதை அந்தக் குழு பார்த்தது. ஈஸ்ட்ரோஜன் இதற்கு நேர் எதிர்த் திசையில் இழுப்பதாகவே பெரும்பாலான சான்றுகள் காட்டுகின்றன. முகத்தில் எண்ணெய் வழிவதைக் குறைப்பது போலவே, இமையிலும் அது எண்ணெயைக் குறைக்கிறது.

இனி உங்கள் அக்காவின் பக்கம். 2001 நவம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. பாஸ்டனை மையமாகக் கொண்ட பெண்கள் நல ஆய்வில் பங்கெடுத்த 25,665 பெண்களின் தகவலை வைத்து எழுதியது. மாதவிடாய் நின்ற பிறகு ஹார்மோன் எடுக்காதவர்களில் ஏறத்தாழ 6 சதவீதம் பேருக்குக் கண் வறட்சி இருந்தது. ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களில் 9 சதவீதம். ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டரோன் வகை மருந்தும் சேர்த்து எடுத்தவர்களில் 6.7 சதவீதம். வயது முதலியவற்றைச் சமன்செய்து பார்த்தபோது, ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களுக்கு வாய்ப்பு 69 சதவீதம் அதிகம், இரண்டும் சேர்த்து எடுத்தவர்களுக்கு 29 சதவீதம் அதிகம். எடுத்த காலம் மூன்று வருடம் நீளும்போதெல்லாம் வாய்ப்பு 15 சதவீதம் ஏறியது.

69 சதவீதம் என்று மட்டும் கேட்டால் பகீரென்று இருக்கும். அதையே இன்னொரு விதமாகச் சொன்னால், நூறு பெண்களில் ஆறு பேருக்கு வருவது ஒன்பது பேருக்கு வந்தது. ஹார்மோன் எடுத்த நூறு பேரில் தொண்ணூற்று ஒரு பேருக்கு அப்படி ஒரு தொல்லை பதிவாகவில்லை. இன்னொன்றும் உண்டு. இது யாருக்கு மாத்திரை, யாருக்கு வெறும் மாவு மாத்திரை என்று குலுக்கிப் போட்டுக் கொடுத்துப் பார்த்த சோதனை இல்லை. ஏற்கெனவே எடுப்பவர்களையும் எடுக்காதவர்களையும் ஒப்பிட்டது. மாதவிடாய் நின்றபின் அதிகம் அவதிப்படுபவர்கள்தான் ஹார்மோன் கேட்டு மருத்துவரிடம் போவார்கள். அடிக்கடி மருத்துவரிடம் போகிறவர்களுக்குக் கண் வறட்சி என்று பெயர் சூட்டப்படவும் வாய்ப்பு கூடும். ஆனாலும் காலம் கூடக் கூடத் தொல்லையும் கூடியது என்பதையும், ஆண்ட்ரோஜன் கதையோடு இது ஒத்துப்போகிறது என்பதையும் நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். உங்கள் மாத்திரைக்கும் கண்ணுக்கும் தொடர்பு இருக்கலாம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

உங்கள் விஷயத்தில் அதற்குக் கூடுதல் காரணமும் இருக்கிறது. இயற்கையாக மாதவிடாய் நிற்கும் பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் அடிமட்டத்துக்கு இறங்கினாலும், சினைப்பை அப்புறமும் கொஞ்சம் ஆண்ட்ரோஜனைச் சுரந்துகொண்டே இருக்கும். உங்களுக்குச் சினைப்பை இரண்டையும் எடுத்துவிட்டதால் அந்தக் கொஞ்சமும் ஒரே நாளில் நின்றது. மாத்திரை திருப்பிக் கொடுப்பது ஈஸ்ட்ரோஜனை மட்டும். அதோடு, வாய்வழியே போகும் ஈஸ்ட்ரோஜன் முதலில் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே பாலின ஹார்மோன்களைப் பிடித்துவைக்கும் ஒரு புரதம் அதிகமாக உற்பத்தியாகிறது. ரத்தத்தில் மீதி இருக்கும் டெஸ்டோஸ்டிரோனையும் அது கட்டிப்போட்டுவிடும். தோலில் தடவும் ஜெல், ஒட்டும் பட்டை இவை கல்லீரலைச் சுற்றிக்கொண்டு நேரே ரத்தத்துக்குப் போவதால் இந்தப் புரதத்தை அவ்வளவாக ஏற்றுவதில்லை.

அப்படியானால் ஜெல்லுக்கு மாறினால் கண் சரியாகுமா என்று கேட்பீர்கள். சரியாகும் என்று உறுதி கொடுக்கும் அளவுக்குச் சான்று இல்லை. ஆனால் ஜெல்லுக்கு மாற வேறொரு நல்ல காரணம் இருக்கிறது. மாத்திரையைவிட அதில் ரத்தம் உறையும் ஆபத்து குறைவு. ஆகவே மகப்பேறு மருத்துவரிடம் இதைக் கேட்பதில் நஷ்டமில்லை. எல்லாக் கடையிலும் இருக்காது, சொல்லி வாங்க வேண்டியிருக்கும். டெஸ்டோஸ்டிரோனையே தடவினால் என்ன என்று இணையத்தில் படித்துவிட்டுக் கேட்பவர்களும் உண்டு. கண் வறட்சிக்கென்று அதை இன்று யாரும் வழக்கமான சிகிச்சையாகக் கொடுப்பதில்லை. முகத்தில் ரோமம், பரு, குரல் தடிப்பது என்று வேறு வம்பு வரும். வேண்டாம்.

கண்ணில் தண்ணீர் வழிகிறதே, அது எப்படி வறட்சி ஆகும் என்ற சந்தேகம் உங்களுக்கும் இருக்கும். எண்ணெய்ப் படலம் உடைந்து கண்ணின் மேற்பரப்பு காய்ந்ததும் நரம்பு பதறிப்போய் மேலே உள்ள பெரிய கண்ணீர்ச் சுரப்பியைத் திறந்துவிடுகிறது. வெங்காயம் நறுக்கும்போது வருகிற அதே அவசரத் தண்ணீர். அது தங்காது, கன்னத்தில் வழிந்து போய்விடும். டிவியோ போனோ பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது பாதியாகக் குறைவதால் அந்த நேரத்தில்தான் அதிகம் வரும். கண் மருத்துவர் ஒரு மஞ்சள் சாயத்தைத் தொட்டுவைத்து, சிமிட்டாமல் இருக்கச் சொல்லிப் படலம் எத்தனை விநாடியில் உடைகிறது என்று பார்ப்பார். பத்து விநாடிக்குக் குறைவாக இருந்தால் குறை இருக்கிறது என்று பொருள். இமையை அழுத்தி எண்ணெய் எப்படி வருகிறது என்றும் பார்க்க வேண்டும். நல்ல எண்ணெய் தெளிவாக வரும். கெட்டது பற்பசை மாதிரி வரும், அல்லது வரவே வராது. கண்ணாடி பவர் மட்டும் பார்த்து அனுப்பிவிட்டார்கள் என்றால் இந்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

சிகிச்சை பெரும்பாலும் வீட்டில்தான் நடக்கிறது. மாத்திரையை நிறுத்தினால் கிடைப்பதைவிட இதில் அதிகம் கிடைக்கும் என்பது என் அபிப்பிராயம். சுத்தமான துணியைப் பொறுக்கும் சூட்டு வெந்நீரில் நனைத்துப் பிழிந்து மூடிய இமைமேல் வையுங்கள். துணி சீக்கிரம் ஆறிவிடும், திரும்ப நனைத்து நனைத்து ஐந்திலிருந்து பத்து நிமிடம் வைக்க வேண்டும். ஒரு தடவை ஒத்தடம் கொடுத்துவிட்டுப் பலனில்லை என்பவர்கள்தான் அதிகம். உறைந்த எண்ணெய் உருக அவ்வளவு நேரம் ஆகிறது. அப்புறம் மேல் இமையை மேலிருந்து கீழாகவும் கீழ் இமையைக் கீழிருந்து மேலாகவும் விரலால் மெதுவாக நீவிவிட வேண்டும். தினம் செய்தால் சில வாரத்தில் வித்தியாசம் தெரியும். இமை விளிம்பின் உள்பக்கம் மை தீட்டும் பழக்கம் இருந்தால் கொஞ்ச நாள் விட்டுப் பாருங்கள். அது நேராக அந்தச் சுரப்பிகளின் வாயில் போய் அடைக்கிறது. வேண்டுமானால் ரோமத்துக்கு வெளியே தீட்டிக்கொள்ளலாம்.

உடல் தகிப்பு உள்ள பெண்களிடம் நான் தவறாமல் கேட்கும் ஒரு கேள்வி: ராத்திரி மின்விசிறி எங்கே இருக்கிறது? தகிப்பு தாங்காமல் விசிறியை முழு வேகத்தில் நேரே முகத்தில் படுமாறு வைத்துத் தூங்குகிறார்கள். தூக்கத்தில் இமை முழுதாக மூடாதவர்கள் பலர். விடிந்ததும் கண் திறக்கவே வலிக்கிறது என்று வருகிறார்கள். விசிறியைக் கால் பக்கம் திருப்பினாலே பாதிக் குறை தீர்ந்தவர்கள் உண்டு. ஏசி காற்றுக்கும் காரில் முகத்துக்கு நேரே வரும் காற்றுக்கும் இதே கதை.

சொட்டு மருந்தில் கார்பாக்சிமெதில்செல்லுலோஸ் போன்ற செயற்கைக் கண்ணீர் போதும். ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் விட வேண்டியிருந்தால் பாதுகாப்பு ரசாயனம் சேர்க்காத வகையைக் கேளுங்கள். விலை கூடுதல்தான். ஆனால் பாட்டிலில் சேர்க்கும் பென்சால்கோனியம் குளோரைடு, அடிக்கடி பட்டால் அதுவே கண்ணை அரிக்கும். மருந்துக் கடையில் "கண் எரியுது" என்று சொல்லி வாங்கும் சொட்டு மருந்துதான் எனக்குப் பெரிய பயம். சிவப்பு உடனே மறைந்து குளுகுளுவென்று இருந்தால் அதில் ஸ்டீராய்டு இருக்க வாய்ப்புண்டு. மாதக்கணக்கில் விட்டால் கண் பிரஷர் ஏறி நரம்பு கெடும், கண்புரையும் சீக்கிரம் வரும். ஹார்மோன் மாத்திரையால் கண்ணுக்கு வரும் கெடுதலைவிட இந்தச் சின்னப் பாட்டிலால் வரும் கெடுதல் நிச்சயமானது, பெரியது. நந்தியாவட்டைப் பூவைக் குளிர்ச்சிக்காக மூடிய கண்மேல் வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சாறு பிழிந்து உள்ளே விடுவது, தாய்ப்பால், தேன், விளக்கெண்ணெய் விடுவது இதெல்லாம் கிருமியை வரவழைத்துக் கொடுக்கும்.

மீன் எண்ணெய் மாத்திரை பற்றியும் கேட்பீர்கள். 2018இல் 535 பேரை வைத்து, தினம் 3 கிராம் ஒமேகா 3 ஒரு சாராருக்கும் ஆலிவ் எண்ணெய் ஒரு சாராருக்கும் ஒரு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு முன்னேற்றம். மீன் சாப்பிடுங்கள், நல்லது. கண் வறட்சிக்கென்று மாத்திரைக்குப் பணம் கொட்ட வேண்டாம். இத்தனைக்கும் அடங்காவிட்டால் சைக்ளோஸ்போரின் சொட்டு மருந்து போன்றவை உள்ளன. வேலை செய்ய இரண்டு மூன்று மாதம் எடுக்கும், ஆரம்பத்தில் எரியும். பாதியில் விட்டுவிடக் கூடாது.

நீங்கள் சாப்பிடும் மற்ற மாத்திரைகளின் பெயரையும் எழுதிக் கொண்டுபோங்கள். இது முக்கியம். ஹார்மோன் வேண்டாம் என்று பயந்து தகிப்புக்கு வேறு மருந்து கேட்கும் பெண்களுக்கு பராக்சிட்டின், வென்லாஃபாக்சின் மாதிரி மனச்சோர்வு மருந்துகளைக் குறைந்த அளவில் எழுதுவதுண்டு. அவையும் கண்ணை உலர்த்தலாம். தூக்கத்துக்கு அமிட்ரிப்டிலின், சிறுநீர் அவசரத்துக்கு ஆக்ஸிபியூட்டினின், சளி அரிப்புக்கு செட்டிரிசின், ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை எல்லாமே அந்த வகை. ஈஸ்ட்ரோஜனை நிறுத்திவிட்டு இவற்றில் இரண்டை ஆரம்பித்தால் கண் இன்னும் மோசமாகவே வாய்ப்பு.

தோழி சொன்ன கண் பிரஷருக்கு வருவோம். அதிலும் ஆதாரம் இல்லாமல் இல்லை. நெதர்லாந்தின் ராட்டர்டாம் ஆய்வில், 45 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்ற பெண்களுக்குக் க்ளாக்கோமா, அதாவது பெரும்பாலும் கண் பிரஷர் ஏறிப் பார்வை நரம்பு கெடும் நோய், அதிகம் காணப்பட்டது. அமெரிக்காவில் 50 வயதைத் தாண்டிய ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களின் காப்பீட்டுப் பதிவுகளை அலசி 2014இல் வந்த ஆய்வில், ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களுக்கு ஒவ்வொரு மாதத்துக்கும் 0.4 சதவீதம் ஆபத்து குறைவதாகத் தெரிந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் குலுக்கிப் போட்டுக் கொடுத்த சோதனையில் என்ன ஆயிற்று? 1993இல் ஆரம்பித்த அமெரிக்கப் பெண்கள் ஆரோக்கிய முயற்சி என்ற மாபெரும் சோதனையில் ஒரு பகுதிப் பெண்களுக்குக் கண்ணையும் பரிசோதித்தார்கள். ஈஸ்ட்ரோஜன் எடுத்தவர்களுக்குக் கண் பிரஷர் குறைந்தது உண்மை. எவ்வளவு? சுமார் 0.5 மில்லிமீட்டர் மெர்க்குரி. க்ளாக்கோமாவுக்கு நாங்கள் எழுதும் ஒரு சாதாரண சொட்டு மருந்து அதைப் போல பத்து மடங்குக்கு மேல் குறைக்கும். மாத்திரையை நிறுத்தினால் பிரஷர் ஏறிக் கண் போய்விடும் என்று பயப்பட இதில் ஒன்றுமில்லை.

க்ளாக்கோமா பற்றிப் பயப்பட வேண்டிய இடம் வேறு. கண்ணுக்குள் நீர் வெளியேறும் கோணம் குறுகலாக இருந்து அடைத்துக்கொள்ளும் வகை, ஆசியப் பெண்களுக்கு 40க்கு மேல் அதிகம். பெண்களின் கண் சராசரியாகச் சிறியது, முன்னறை ஆழம் குறைவு, அதனால். சென்னைப் பக்கம் நடந்த கணக்கெடுப்பிலும் பெண்களிடம்தான் இது அதிகம் தெரிந்தது. அப்படிப்பட்ட கண்ணுக்கு மேலே சொன்ன அமிட்ரிப்டிலின், ஆக்ஸிபியூட்டினின், வென்லாஃபாக்சின் போன்றவை கண்மணியை விரித்துக் கோணத்தை அடைத்துவிடக் கூடும். ஒரு பக்கத் தலைவலி, வாந்தி, கண் சிவப்பு, விளக்கைச் சுற்றி வானவில் வட்டம் என்று வரும். பித்தம் என்று நினைத்து ஒரு ராத்திரி காத்திருந்தால் நரம்பு போய்விடும். கோணம் குறுகலா என்பது கண் மருத்துவர் ஒரு லென்ஸ் வைத்து ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லக் கூடியது. குறுகலாக இருந்தால் முன்கூட்டியே லேசர் போட்டு ஒரு சின்ன வழி திறந்துவிடலாம்.

கண்புரை, மாகுலா எனும் விழித்திரையின் நடுப்பகுதி தேய்வது, இவற்றில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. விஸ்கான்சினில் பீவர் டாம் ஆய்வு ஹார்மோன் எடுத்தவர்களுக்குக் கண்புரை குறைவு என்றது. 2010இல் ஸ்வீடனில் 30,861 பெண்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு, எடுத்தவர்களுக்குப் புரை அறுவை 14 சதவீதம் அதிகம் என்றது. ஹார்மோன் மாகுலா தேய்வு வராமல் தடுக்கிறதா என்று, மேலே சொன்ன பெண்கள் ஆரோக்கிய முயற்சி சோதனையில் 65 வயதைத் தாண்டிய 4,262 பெண்களிடம் பார்த்தார்கள். ஆரம்பநிலைத் தேய்வை மொத்தத்தில் அது தடுக்கவில்லை. இவற்றுக்காக யாரும் ஹார்மோன் தொடங்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். ஒன்று மட்டும்: பின்னால் புரை அறுவைக்குப் போகும்போது கண் வறட்சியை முதலில் சரிசெய்துகொண்டு போங்கள். காய்ந்த கண்ணில் எடுக்கும் லென்ஸ் அளவு தப்பாக வரும்.

இப்போது அந்த அவசரப் பகுதி. வாய்வழி ஈஸ்ட்ரோஜன் ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டுகிறது. விழித்திரையின் ரத்தக் குழாயில் அடைப்பு வருவது அபூர்வம். ஆனால் பதிவாகியிருக்கிறது, மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளிலேயே எச்சரிக்கை இருக்கும். ஒரு கண்ணில் பார்வை திடீரென்று முழுதாகவோ பாதியாகவோ போனால், திரை விழுந்தது போல மறைத்தால், ஒன்று இரண்டாகத் தெரிந்தால், ஒரு கண் முன்னே தள்ளிக்கொண்டு வந்தால், இதுவரை இல்லாத ஒற்றைத் தலைவலி புதிதாக வந்தால், அடுத்த மாத்திரையைச் சாப்பிடாமல் அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். வாய் கோணல், கை மரத்துப்போவது, பேச்சுக் குழறல் கூட இருந்தால் கண் மருத்துவமனைக்குப் போக வேண்டாம், பக்கவாதச் சிகிச்சை உள்ள பெரிய மருத்துவமனைக்கு ஓடுங்கள். வலி இல்லையே என்று யாரும் காத்திருக்கக் கூடாது. விழித்திரை அடைப்பில் வலியே இருக்காது.

இங்கே இன்னொரு மாத்திரையையும் சொல்லியாக வேண்டும். கோயில் திருவிழா, கிரகப்பிரவேசம், கல்யாணம் என்று வந்தால் மாதவிலக்கைத் தள்ளிப்போட நோரெதிஸ்டிரோன் மாத்திரையை மருந்துக் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடும் 40 வயதுக்காரர்கள் நம் வீடுகளில் ஏராளம். அதை ஒரு ஹார்மோன் என்றே யாரும் நினைப்பதில்லை. அதுவும் ஹார்மோன்தான், அதில் ஒரு பகுதி உடம்பில் ஈஸ்ட்ரோஜனாகவும் மாறுகிறது. மேலே சொன்ன கண் எச்சரிக்கைகள் அதற்கும் பொருந்தும். ரத்த அழுத்தம், சர்க்கரை, பருமன், குடும்பத்தில் ரத்தக்கட்டு வரலாறு, கண்ணில் மின்னல் கோடு தெரிந்து வரும் மைக்ரேன் இவை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. உங்களுக்கு இனி அது தேவையில்லை. ஆனால் தங்கையோ மகளோ கேட்டால் சொல்லுங்கள்.

மார்பகப் புற்றுநோய்க்காக டாமாக்சிஃபென் சாப்பிடுபவர்கள் இதையெல்லாம் படித்துவிட்டுத் தமக்கும் பொருத்திக்கொள்ளக் கூடாது. அது ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் மருந்து, அதற்குத் தனி விதி. விழித்திரையில் படிகம் படிவது, மாகுலாவில் நீர் கோர்ப்பது என்று அபூர்வமாக வரும். 1978இல் முதலில் எழுதப்பட்டவை மிக அதிக அளவில் சாப்பிட்டவர்களுடைய கதைகள். இன்று கொடுக்கும் 20 மில்லிகிராமில் மிகக் குறைவு. தொடங்கும்போது ஒரு முறை விழித்திரையைப் பார்த்துவைத்து, பார்வையில் மாற்றம் தெரிந்தால் உடனே காட்டினால் போதும். உயிர் காக்கும் மருந்தைக் கண் எரிகிறது என்று நிறுத்திவிடாதீர்கள்.

கடைசியாக, எல்லாவற்றையும் ஹார்மோன் தலையில் போட்டுவிடக் கூடாது என்பதற்காக ஒரு பரிசோதனைப் பட்டியல். கிட்டே உள்ள எழுத்து மங்குவது வெள்ளெழுத்து, ஆண் பெண் எல்லோருக்கும் 40க்கு மேல் வரும். கண்ணோடு வாயும் வறண்டு, தண்ணீர் குடிக்காமல் சோறு விழுங்க முடியவில்லை, மூட்டும் வலிக்கிறது என்றால் ஷோகிரன் நோயா என்று பார்க்க வேண்டும். ஸ்வீடன் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோகிரன் 1933இல் விவரித்த நோய் அது. வருபவர்களில் மிகப் பெரும்பாலோர் நடுவயதுப் பெண்கள். மாதவிடாய் நின்றதால் என்று சொல்லி வருடக்கணக்கில் தள்ளிப்போடப்படும் நோயும் இதுதான். தைராய்டு ரத்தப் பரிசோதனை ஒன்று, மூன்று மாத சராசரிச் சர்க்கரை ஒன்று எடுத்துவிடுங்கள். சர்க்கரை இருந்தால் வருடம் ஒரு முறை விழித்திரைப் பரிசோதனை கட்டாயம்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது: இந்த வாரம் கண் மருத்துவரிடம் போய்ப் படலம், இமை எண்ணெய், கோணம், பிரஷர், விழித்திரை ஐந்தையும் பார்க்கச் சொல்லுங்கள். ஈஸ்ட்ரோஜன் சாப்பிடுவதையும் சினைப்பை எடுத்ததையும் அவரிடம் சொல்லுங்கள், அவராகக் கேட்க மாட்டார். ஒத்தடமும் செயற்கைக் கண்ணீரும் இரண்டு மூன்று மாதம் ஒழுங்காகச் செய்து பாருங்கள். அப்படியும் அடங்காவிட்டால், கண் மருத்துவர் எழுதிய சீட்டோடு மகப்பேறு மருத்துவரிடம் போய் அளவைக் குறைக்கலாமா, ஜெல்லுக்கு மாறலாமா என்று கேளுங்கள். நிறுத்துவது என்று முடிவானாலும் படிப்படியாகக் குறைப்பது நல்லது, சட்டென்று விட்டால் தகிப்பு பழையபடி வந்துவிடும். பிறப்புறுப்பில் மட்டும் தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் எழுதியிருந்தால் அதைக் கண்ணை நினைத்து நிறுத்த வேண்டாம். அது ரத்தத்தில் கலக்கும் அளவு மிகச் சொற்பம்.